விருப்பமிருந்தால் அணியலாம்

பட்டாளத்தில் உடுப்பைப் பொறுத்தவரை இரண்டே வகைதான். அணிந்தே ஆக வேண்டியது ஒன்று, அணியவே கூடாதது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், போனால் போகிறதென்று ஒரு சின்ன இடம் விட்டுவைத்திருந்தார்கள். சில சின்னங்களுக்கு மட்டும் 'விருப்பமிருந்தால் அணியலாம்' என்று போட்டிருந்தது. விருப்பம் என்ற சொல்லை எங்கள் விதிகளில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தகராறு வந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

நான் பட்டாளத்தில் சமையல்காரன். "ஆர்மி" என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பவர்கள், "ஆர்மியில் குக்" என்றதும் பழையபடி சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஜீவனஹள்ளியில் பிறந்து, வடக்கே ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பெங்களூருக்கே மாற்றல் வாங்கி வந்தவன். காலையில் ஸ்கூட்டரில் போய் ஒரு பட்டாளத்துக்கே சாம்பார் வைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, மனைவி வைத்த சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

விருப்பத்துக்கு விடப்பட்ட சின்னம் ஒன்று என்னிடமும் இருந்தது. வடக்கே ஒரு மலை. அதன் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. சொன்னாலும் உங்களுக்கு உபயோகமில்லை, அங்கே பஸ் போகாது. அந்த மலை உச்சியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காவல் இருந்து இறங்கியவர்களுக்கு, சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொள்ள ஒரு சின்னம் உண்டு. கட்டைவிரல் அகலம், வெள்ளி நிறம், நடுவில் ஒரு சிகரம். துப்பாக்கி பிடித்தவனுக்கும் அதுதான், கரண்டி பிடித்தவனுக்கும் அதுதான். என்னுடையதை நான் டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தேன்.

ஏன் குத்திக்கொள்வதில்லை என்று யாராவது கேட்டால், "நாளெல்லாம் ஏப்ரன் கட்டிக்கினு நிக்கறவன். அதுக்குள்ள குத்தி யாருக்குக் காட்டறது?" என்பேன். ஏப்ரன் கழுத்திலிருந்து முட்டி வரை மறைப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். உண்மைக் காரணம் வேறு. அது என் எதிரே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது.

அவன் அத்திபெலேக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஓசூர்ச் சந்தையில் இரண்டும் கலந்தது; எங்களிடம் பேசும்போது மூன்றையும் ஒரே மூச்சில் இறக்குவான். எனக்கு இளையவன், என்னை 'ணா' என்பான். மலையில் சமையலுக்கு நாங்கள் இருவர்தான். அங்கே பனியை உருக்கினால்தான் தண்ணீர். குக்கர் இல்லாவிட்டால் அரிசி வேகாது. உருளைக்கிழங்கைச் சுத்தியல் வைத்து உடைத்தோம். எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய் வேண்டும். அது கீழே ஒரு கொட்டகையில் கேன் கேனாக இருக்கும். ஜீவனஹள்ளியில் என் வீட்டிலிருந்து மீன் கடைக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஒரு நாள் நான் போய் எடுத்து வருவேன், மறுநாள் அவன்.

அவன் முறை வந்த ஒரு நாள், மதியம் கிளம்பியவன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டான். தேடிப் போனவர்களையும் காற்று திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் வெளிச்சம் வந்தபிறகுதான் ஒரு பாறைக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கால் பூட்ஸ் கழலவில்லை, அறுத்து எடுத்தோம். ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. கேனை எங்களிடம் விட்டுப் போனது. அதை அடுப்பில் ஊற்றித்தான் அன்றைக்கு டீ போட்டேன். வேறு மண்ணெண்ணெய் இல்லை. எல்லோரும் குடித்தோம்.

இடது காலில் அவனுக்கு விரல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முந்தின நாள் அதே கொட்டகைக்குப் போய்வந்தவன் நான். அன்று நல்ல வெயில். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். விரல் போனவனுக்கும், பத்து விரலோடு இறங்கியவனுக்கும் ஒரே சின்னத்தைக் கொடுத்தபோது எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால் பெட்டியில் போட்டேன். இதை அவனிடம் நான் சொன்னதில்லை.

அவன் அணிந்தான். தேறி வந்தபிறகு இலகுவான வேலை கொடுக்க வேண்டுமென்று அவனையும் பெங்களூருக்கு அனுப்பினார்கள். லங்கர் வேலையை இலகு என்று முடிவு செய்தவர் லங்கரில் நின்றவராக இருக்க முடியாது. பட்டாளத்தில் சமையற்கட்டை லங்கர் என்பார்கள். அங்கே மறுபடியும் நாங்கள் ஒரே அடுப்பில் சேர்ந்தோம். ஷூவின் முன்பாதியில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பான். தினமும் காலை அணிவகுப்புக்கு முன்னால் அந்தச் சின்னத்தைத் துடைத்துக் குத்திக்கொள்வான். அணிவகுப்பு முடிந்ததும் அதன்மேல் ஏப்ரன் ஏறிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்குப் போதும்.

ஏன் போதும் என்பதற்கு அவன் வெளியே படும் பாட்டைச் சொல்ல வேண்டும். ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தான். வீட்டில் ஷூவோடு நடக்க முடியாதே, கால் வெளியே தெரியும். பெங்களூரில் ஒருவனுக்குக் கால் விரல் இல்லையென்றால் அதற்கு ஒரே காரணம்தான். சுகர். வீட்டு ஓனரம்மா பார்த்த அன்றே முடிவு கட்டிவிட்டார். மாடியில் அவர் வளர்க்கும் பாகற்கொடியில் காய்க்கிறதெல்லாம் இவனுக்குத்தான். மருந்துக் கடைக்காரர் தலைவலி மாத்திரை கேட்டாலே "ஷுகர் செக் பண்ணி எத்தனை நாளாச்சு?" என்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் நாவல் கொட்டைப் பொடியை எப்படி இடிப்பது என்று கன்னடத்தில் விளக்கிவிட்டு இறங்குவார். இவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

"சொல்லித் தொலைய வேண்டியதுதானடா, பனின்னு" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேடா ணா, விடு" என்றான். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "அந்தம்மா பாசமா குடுக்குது. காயும் பிஞ்சா நல்லாக்கீது."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் தனக்கு நேர்ந்ததைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் பீற்றல், அல்லது பிச்சை. கூட இருந்தவன் சொல்லலாம், சட்டை சொல்லலாம். வெளியே அவனை சுகர்காரன் என்று யார் நினைத்தாலும் அவன் கவலைப்படாததற்குக் காரணம், பட்டாளத்து கேட்டுக்குள் நுழைந்து சட்டையை மாட்டிவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான். முதலில் சின்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு ஷூவைப் பார்ப்பார்கள், அப்புறம் சும்மா இருந்துவிடுவார்கள். கேள்வி வாய்க்கு வருமுன்பே பதில் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படி இருக்கும்போது எங்கள் யூனிட்டுக்குப் புது கமாண்டிங் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். வந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்கச் சொன்னார். பிரின்ட் வந்தபோது அவர் முகம் மாறிவிட்டது என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார். ஒருவன் சட்டையில் ஒரு சின்னம், அடுத்தவன் சட்டையில் மூன்று, அதற்கடுத்தவன் சட்டையில் துணி தெரியவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கன்டோன்மென்ட் பக்கம் பட்டாளச் சாமான் விற்கிற கடைகளில் எந்தச் சின்னமும் கிடைக்கும். நீ அதைச் சம்பாதித்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, "பின் வெச்சதா, ஒட்டறதா?" எங்கள் யூனிட்டில் ஸ்டோர் பார்க்கிற ஒருவர் பாராசூட் சின்னம் குத்திக்கொண்டு திரிந்தார். அவர் லீவுக்கு ஊருக்குப் போவதே ரயிலில்தான், விமானத்தில் ஏற பயம். அழகாக இருக்கிறது என்று வாங்கினாராம்.

ஆக, ஆணை வந்தது. விருப்பத்துக்கு விடப்பட்ட எந்தச் சின்னத்தையும் இனி இந்த யூனிட்டில் சீருடைமேல் அணியக் கூடாது. எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காலை அணிவகுப்பில் படித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. சொல்லப்போனால், இத்தனை வருடமாக நான் ஒருவன் செய்துகொண்டிருந்ததை இப்போது எல்லோரையும் செய்யச் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது. லங்கருக்குத் திரும்பியதும், "கரெக்டான ஆர்டர்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவன் சின்னத்தைக் கழற்றி, எந்தப் பைக்கு மேலே குத்தியிருந்தானோ அதே பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டான். பிறகு வெங்காயத்தை எடுத்தான். அவன் வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் யூனிட்டில் பாதிப் பேர் மாற்றலாகிப் போய்ப் புது ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இவனைத் தெரியாது. சட்டையும் இப்போது வாயை மூடிக்கொண்டது. லங்கருக்கு ஆந்திராக்காரர் ஒருவர் சமையலுக்கு வந்தார், தங்கமான மனிதர். வந்த முதல் வாரமே இவன் நடையைக் கவனித்துவிட்டு, இவனுக்கு மட்டும் சர்க்கரை போடாத டீயைத் தனி டம்ளரில் வைக்க ஆரம்பித்தார். டீயில் மூன்று ஸ்பூன் போட்டு, டம்ளரின் அடியில் கரையாமல் கிடப்பதை விரலால் வழித்துச் சாப்பிடுகிறவன் இவன். டம்ளரை வாங்கினான், குடித்தான், நன்றி சொன்னான்.

நான் அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, "அது சுகர் இல்ல, மலைல பனில போனது" என்றேன்.

அவர் மிகவும் வருத்தப்பட்டார். "அய்யோ பாவம். அப்ப சுகரும் இருக்கும்னு வையுங்க. பாத்துக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பரிமாறும்போது இவன் தட்டைத் தாண்டிப் போனார்கள். விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தபோது ஒரு புது ஹவில்தார், வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று இவனுக்கு அறிவுரை சொன்னார். எல்லாம் நல்ல எண்ணம். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒருநாள் பருப்பு கடைந்துகொண்டிருக்கும்போது சொன்னான். "நான் பேப்பர் போடப் போறேன் ணா."

பேப்பர் போடுவதென்றால், சேவை முடிவதற்கு முன்பே தானாக விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. எனக்குக் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

"பைத்தியமாடா? இன்னா கேடு வந்துச்சு இப்போ?"

"வெளிய போனா சுகர்காரன். சரி, அது வெளிய. உள்ளயும் சுகர்காரன்னா அப்புறம் எதுக்கு ணா உள்ள? ஊருக்கே போயிடலாம்."

அத்திபெலேயில் அவன் மச்சானுக்குக் காய்கறி மண்டி இருந்தது. அங்கே உட்கார்ந்துகொள்வானாம். அவன் மண்டியில் உட்கார்ந்து வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவன் நறுக்காத வெங்காயம் பட்டாளத்தில் இல்லை. இவனைப் போகவிடக் கூடாது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பட்டாளத்தில் நீண்ட நாள் இருந்தால் ஆணையைச் சொல் சொல்லாகப் படிக்கும் புத்தி வந்துவிடும். மீறுவதற்கு இல்லை, எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. ஆணையில் சீருடை என்றுதான் இருந்தது. ஏப்ரன் சீருடை இல்லை. அதை எங்களுக்குத் தருவது வேறு ஸ்டோர், துவைப்பது வேறு ஆள். மறுநாள் அவனுடைய சின்னத்தை அவன் பையிலிருந்து நானே எடுத்து, அவன் ஏப்ரனில் நெஞ்சுக்கு நேராகக் குத்தினேன். மஞ்சள் கறைக்கும் எண்ணெய்க் கறைக்கும் நடுவில் வெள்ளிச் சிகரம் பளிச்சென்று இருந்தது.

"திட்டுவாங்க ணா" என்றான்.

"ஏப்ரன்னு எங்கனா எழுதிக்கீதா?"

அவன் யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒத்துக்கொண்டான்.

சோறு பரிமாறுமுன் ருசி பார்க்க ஒரு சுபேதார் தினமும் லங்கருக்கு வருவார். அன்று வந்தவர் பருப்பை ருசி பார்த்தார், ஏப்ரனைப் பார்த்தார், மறுபடி பருப்பை ருசி பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ஏப்ரன் என்றேன். ஏப்ரனில் என்ன என்றார். ஆணையில் ஏப்ரனைப் பற்றி ஒன்றுமில்லை சாப் என்றேன். அவர் பருப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார இறுதியில் திருத்திய ஆணை வந்தது. மேற்படி ஆணை சமையற்கட்டு ஏப்ரனுக்கும் பொருந்தும். யூனிட்டின் எந்த ஆணையிலும் அதுவரை எங்கள் லங்கரைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. நிலைமை மோசம்தான் என்றாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவன் மனுவை எழுதி கிளார்க்கிடம் கொடுத்தான். யூனிட்டின் பிறந்தநாள் வருகிறது, அது முடிந்ததும் அதிகாரியின் மேஜைக்கு அனுப்புகிறேன் என்று கிளார்க் சொல்லியிருந்தார். அவருக்கும் இவன் வைக்கிற மட்டன் குழம்பைப் பிறந்தநாளுக்குள் இழக்க மனமில்லை.

யூனிட் பிறந்தநாளில் படாகானா நடக்கும். அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய விருந்து. அன்றைக்கு கமாண்டிங் அதிகாரி லங்கருக்குள் வந்து, சமையல்காரர்களிடம் நாலு வார்த்தை பேசி, கரண்டியைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். வந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். ஆந்திராக்காரரிடம் ஊரைக் கேட்டார். என்னிடம் பிரியாணிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். பிறகு இவன் நிற்க வேண்டிய இடத்துக்குப் போனார். அந்நேரம் பார்த்து இவன் ஜிலேபித் தட்டை இறக்கிவைத்துவிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து வந்து நின்றான்.

அதிகாரி அவன் காலைப் பார்த்தார். குரலில் உண்மையான அக்கறையோடு கேட்டார். "ஷுகர் ஹை கியா?"

"ஜீ சாப்" என்றான் அவன்.

ஆமாம் என்றுவிட்டான். வீட்டு ஓனரம்மாவிடம் சொல்கிற மாதிரி, தலையை லேசாக ஆட்டி, சிரித்த முகத்தோடு சொன்னான். அவன் நேற்றே வெளியே போய்விட்டான், இங்கே நிற்பது வெறும் உடம்பு என்று தோன்றியது.

கேட்டால் மட்டுமே பேச வேண்டும் என்பது எங்கள் பழக்கம். என்னை யாரும் கேட்கவில்லை. "இல்லை சாப்" என்றேன் இந்தியில். "பனி. மலையில். நானும் அங்கேதான் இருந்தேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். எந்த மலை, எந்த வருடம் என்று கேட்டார், சொன்னேன். எப்படி நடந்தது என்று அவனைக் கேட்டார். மண்ணெண்ணெய் எடுக்கப் போனேன் சாப், புயல் வந்துவிட்டது என்று அவன் முடித்துக்கொண்டான். அதிகாரி மறுபடி என்னிடம் வந்தார்.

"அப்படியென்றால் உனக்கும் அந்தச் சின்னம் இருக்குமே. ஆணைக்கு முன்னால் நீ அணிந்திருந்தாயா?"

"இல்லை சாப், பெட்டியில்தான் இருக்கிறது."

"ஏன்?"

பல வருடமாக ஏப்ரன் கதையையே சொல்லிப் பழகியவன், அன்றைக்கு அது வாயில் வரவில்லை. "எனக்கு விரல் எல்லாம் இருக்கிறது சாப்" என்றேன்.

அதிகாரி என் ஷூவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் சாப்பிடப் போய்விட்டார். போட்டோ எடுக்கவில்லை.

அவர் போனதும் இவன் என்மேல் பாய்ந்தான். எனக்குத் தெரிந்து அவன் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"உன்ன யாரு கேட்டா ணா? சுகர்னா ஒரே வார்த்தைல முடிஞ்சிது. இப்ப பாரு, எல்லாரும் என் கால பாக்கறாங்க."

உண்மைதான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஆந்திராக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்வான், உப்பு என் பக்கத்தில் இருக்கும்.

நான் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது மூன்றாவது ஆணை. உரிமை உள்ளவர்கள், அதற்கான அத்தாட்சியைக் காட்டிவிட்டு, விருப்பமிருந்தால் சின்னம் அணியலாம். ஆனால் சீருடை ஒரே மாதிரி இருக்க வேண்டியிருப்பதால், ஒரு பிரிவில் ஒருவர் ஒரு சின்னத்தை அணிந்தால், அந்தப் பிரிவில் அதே உரிமை உள்ள அனைவரும் அணிய வேண்டும். அனைவரும் அணியாவிட்டால் ஒருவரும் அணியக் கூடாது.

அந்தச் சின்னத்துக்கு லங்கரில் உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர்.

அணிவகுப்பில் படித்து முடித்தபோது அவன் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கேட்க மாட்டான். எனக்காகப் போட்டுக்கொள் என்று சொல்வதற்குப் பதில் அவன் சர்க்கரை இல்லாத டீயை ஆயுசு முழுக்கக் குடித்துவிடுவான். மனு கிளார்க்கிடமே இருந்தது. மறுநாள் மேஜைக்குப் போகப் போகிறது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மலையில் போட்ட உல்லன் கையுறைக்குள் கிடந்தது. எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "இன்னா அது?" என்றாள். சொன்னேன். அதுவரை அவளிடமும் ஏப்ரன் கதையைத்தான் சொல்லியிருந்தேன். இந்த முறை முழுசாகச் சொன்னேன், டீ போட்டதுவரைக்கும்.

கேட்டு முடித்துவிட்டு, "அவருக்குக் காலு போச்சுன்னு நீ இத்தினி வருசமா இத்தப் போடாம கீறே" என்றாள். "அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாருக்காவ?"

கேட்டுவிட்டு அவள் என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது தப்பாக இருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

காலையில் கண்ணாடி பார்த்துக் குத்திக்கொண்டேன். அவ்வளவு சின்னப் பொருள், ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இருக்காது. கேட்டில் நிற்கும் சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு என் ஷூவைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டான். கூசிப்போய்விட்டேன். அடுத்தவன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு வந்தவனுக்குத்தான் அப்படி இருக்கும்.

அணிவகுப்பில் அவன் எனக்கு இடப்பக்கம் நிற்பவன். வந்து நின்றான். சட்டையில் ஒன்றுமில்லை. கண்ணை மட்டும் ஓட்டி என் நெஞ்சைப் பார்த்தான். பிறகு தன் பையின் பட்டனைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, எடுத்துக் குத்திக்கொண்டான். மனு கொடுத்த பிறகும் அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறான். பார்க்காமலே சரியான இடத்தில் குத்தினான்.

சுபேதார் வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவன் முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினான்.

"அன்னிக்கு உன் மொறையா இருந்து, விரலு உனக்குப் போயிருந்தா, நான் மொத நாளே போட்டிருப்பேன் ணா."

வரிசையில் நிற்கும்போது பேசக் கூடாது என்பது விதி. நான் நெஞ்சை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.